கரண்ட் லிமிட் ஸ்விட்ச்: ஒரு போர்ட்டின் ஷார்ட் மொத்த போர்டையும் சாய்க்காமல் இருப்பது எப்படி?

2012-ல் ராஸ்பெரி பை என்ற ஒரே போர்டில் அடங்கிய சிறு கம்ப்யூட்டர் (சுருக்கமாகப் பை) முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது, அதன் இரண்டு யுஎஸ்பி போர்ட்டுகளுக்கும் தலா ஒரு பாலிஃபியூஸ் (சூடேறினால் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தி, ஆறினால் மீளும் ஃபியூஸ்) வைத்திருந்தார்கள். 140 மில்லிஆம்பியர் ரகம். கீபோர்டும் மவுஸும் செருகினால் சிக்கலில்லை. வைஃபை டாங்கிள் செருகினால் தகராறு. டாங்கிள் கேட்கும் மின்னோட்டம் அதைவிட அதிகம். போதாக்குறைக்கு அந்தச் சின்ன பாலிஃபியூஸுக்கே சில ஓம் மின்தடை இருந்ததால், 5 வோல்ட்டில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துவிடும். அதே ஆண்டில் பின்னால் வந்த போர்டுகளில் இரண்டு பாலிஃபியூஸையும் எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துவிட்டார்கள். டாங்கிள் ஓடியது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பையில் எதையாவது செருகினால் மொத்த போர்டும் ரீசெட் ஆகத் தொடங்கியது.

2014 ஜூலையில் மாடல் பி பிளஸ் வந்தது. நான்கு போர்ட்டுகள். அவற்றுக்கு முன்னால் மிளகு அளவே உள்ள ஒரு சிப். சாதாரணமாக 600 மில்லிஆம்பியரில் நிறுத்தும்; அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் 1.2 ஆம்பியர் வரை விடும். செருகினால் ரீசெட் ஆகும் வழக்கம் அதோடு போனது. அந்தச் சிப்தான் கரண்ட் லிமிட் பவர் ஸ்விட்ச். கம்ப்யூட்டர், டிவி, செட்டாப் பாக்ஸ், கார் என்று எதைத் திறந்தாலும் இதன் சொந்தக்காரர்களில் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருப்பார்.

மின்பாதுகாப்பு என்றதும் தீப்பிடிக்காமல் காப்பதுதான் நம் நினைவுக்கு வரும். அது ஃபியூஸின் வேலை, அதை ஃபியூஸ் நன்றாகவே செய்கிறது. இந்த ஸ்விட்ச்சுக்கு அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரே 5 வோல்ட்டை நம்பிப் பல சுற்றுகள் இருக்கும்போது, அவற்றில் ஒன்று பழுதானால் மற்றவற்றின் மின்னழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுக்குமாடியில் ஒரு வீட்டுக் குழாய் உடைந்தால் மற்ற வீடுகளின் குழாயில் தண்ணீர் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். உடைந்த குழாயை யார் சரிசெய்வது என்பது அப்புறம்.

பை ஏன் ரீசெட் ஆனது என்பதைக் கணக்காகப் பார்த்தால் இது விளங்கும். முதல் பையான மாடல் பி-யின் மின் நுழைவாயிலில், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று உண்டு. நாம் செருகும் கருவியின் உள்ளே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செருகிய கணத்தில் நிறைந்ததும் காலியும் சார்ஜைப் பங்குபோட்டுக்கொள்ளும். 5 வோல்ட்டை 220-ஆல் பெருக்கி 320-ஆல் வகுத்தால் சுமார் 3.4 வோல்ட். அடாப்டர் விழித்துக்கொண்டு நிரப்புவதற்குள் போர்டின் 5 வோல்ட் அந்த அளவுக்குத் தாழ்ந்துவிடும். அதிலிருந்து 3.3 வோல்ட் எடுத்துத்தரும் ரெகுலேட்டருக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட்டாவது கூடுதலாக வேண்டும். கிடைக்காதபோது 3.3-ம் சரியும், செயலி முதலிலிருந்து தொடங்கும். இங்கே யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை, எதுவும் ஷார்ட் ஆகவுமில்லை. நல்ல நிலையில் உள்ள ஒரு கருவியைச் செருகியதே இத்தனையையும் செய்துவிட்டது.

யுஎஸ்பி 2.0 விதிமுறை இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. செருகப்படும் கருவியின் நுழைவில் 10 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் தெரியக் கூடாது; கொடுக்கும் பக்கத்தில் குறைந்தது 120 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும்; தனியே மின்சாரம் பெறும் ஹப்பும் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) கம்ப்யூட்டரும் கட்டாயம் மிகைமின்னோட்டப் பாதுகாப்பு வைத்திருக்க வேண்டும், அதன் எல்லை 5 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. காகிதத்தில் எல்லாம் சரி. சந்தையில் கிடைக்கும் மலிவான கருவிகள் அந்த 10 மைக்ரோஃபாரட்டை மதிப்பதில்லை. மலிவான ஹப்புகள் பல, பாதுகாப்பு என்ற ஒன்றையே மதிப்பதில்லை. நான்கு போர்ட்டுகளின் 5 வோல்ட் காலையும் ஒரே செப்புத் தடத்தில் சேர்த்து அடாப்டரோடு கட்டிவிட்டு ஹப் என்று விற்கிறார்கள்.

ஃபியூஸுக்கு ஏன் நேரம் போதவில்லை

கண்ணாடிக் குழாய் ஃபியூஸில் 1 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 1 ஆம்பியரைத் தாண்டியதும் போய்விடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஐஇசி 60127 தரநிலைப்படி, விரைவு ரக 5×20 மில்லிமீட்டர் ஃபியூஸ் தன் அளவில் ஒன்றரை மடங்கை ஒரு மணிநேரமாவது தாங்க வேண்டும். 2.1 மடங்கு போனால் அரை மணிநேரத்துக்குள் உருகினால் போதும். பத்து மடங்கு போகும்போதுதான் மில்லிசெகண்டுகளில் உருகும்.

வீட்டு மெயின்ஸில் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஃபியூஸ் உடனே போகும். 2.5 ஆம்பியர் அடாப்டரில் அந்த வசதி இல்லை. ஷார்ட்டுக்கு எதிரே அடாப்டரே 3, 4 ஆம்பியரில் தன் எல்லையைத் தொட்டு மின்னழுத்தத்தைக் கீழே விட்டுவிடும். அதாவது, ஃபியூஸை உருக்கத் தேவையான மின்னோட்டத்தை அந்த அடாப்டரால் தரவே முடியாது. ஃபியூஸ் யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க 5 வோல்ட் தடத்தில் ஏறக்குறைய எதுவும் இல்லை. 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரிலிருந்து செயலி அரை ஆம்பியர் இழுத்தாலே ஒரு மில்லிசெகண்டுக்கு 2.3 வோல்ட் குறையும். ஒரு மில்லிசெகண்டுக்குள் ஷார்ட்டைப் பிரிக்க முடியாத எதுவும் செயலியைக் காப்பாற்றாது.

பாலிஃபியூஸ் எனப்படும் பிடிசி இதைவிட ஒரு படி மேல், ஆனால் ஒரே படிதான். பாலிமருக்குள் கரித்தூள் கலந்திருக்கும்; சூடேறினால் பாலிமர் விரிந்து கரித்துகள்களின் தொடர்பு அறுபடும், மின்தடை பல மடங்கு ஏறும். ஆறினால் ஏறத்தாழப் பழைய நிலைக்கு வரும், மாற்றத் தேவையில்லை. ஆனால் 0.5 ஆம்பியர் என்று விற்கப்படும் வழக்கமான பிடிசி 0.5-ஐத் தாங்கும் என்றுதான் பொருள். அறுபட 1 ஆம்பியர் வேண்டும். 8 ஆம்பியர் பாய்ந்தால்கூட 0.15 செகண்ட் வரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு முறை அறுபட்ட பிறகு மின்தடை கொஞ்சம் கூடியே நிற்கும். எல்லாம் வெப்பத்தால் நடப்பதால் சுற்றுப்புறச் சூடும் கணக்கில் வரும்: டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) உள்ள அளவு 20, 25 டிகிரிக்கு உரியது. மே மாதத்தில் வேலூரிலோ மதுரையிலோ வெயில் படும் பெட்டிக்குள் 60 டிகிரி சாதாரணம், அங்கே அதே பிடிசி 0.5-க்கு வெகு முன்பே மூச்சுவாங்கத் தொடங்கும்.

சிப்புக்குள் நடப்பது

கரண்ட் லிமிட் ஸ்விட்ச்சின் உள்ளே மையமாக இருப்பது ஒரு மாஸ்ஃபெட், அதாவது மின்னழுத்தம் கொடுத்துத் திறந்து மூடும் ஒரு ட்ரான்சிஸ்டர். 5 வோல்ட் உள்ளே வரும் காலுக்கும் வெளியே போகும் காலுக்கும் நடுவே அது நிற்கிறது. யுஎஸ்பி வேலைக்கு நெடுங்காலமாகப் புழங்கும் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்2051பி-யை எடுத்துக்கொண்டால், முழுதாகத் திறந்திருக்கும்போது அதன் மின்தடை 0.07 ஓம் அளவில்தான். அரை ஆம்பியருக்கு 35 மில்லிவோல்ட் இழப்பு. முதல் பையில் இருந்த பாலிஃபியூஸின் சில ஓமோடு இதை ஒப்பிட்டால் டாங்கிள்காரர்களின் குறை எப்படித் தீர்ந்தது என்று தெரியும்.

இத்தகைய சிப்புகளில் பெரும்பாலும் என்-சேனல் மாஸ்ஃபெட்தான் இருக்கும். அதைத் திறக்க, அதைக் கட்டுப்படுத்தும் முனையான கேட்டில் 5 வோல்ட்டைவிட அதிகம் வேண்டும். அதற்காக சிப்புக்குள்ளேயே சார்ஜ் பம்ப் என்ற சிறு சுற்று ஒன்று ஓடி அந்த உயர் மின்னழுத்தத்தைத் தயாரிக்கிறது. கேட்டை மெதுவாக உயர்த்துவதால் வெளியே 5 வோல்ட் திடீரென்று தோன்றாது, ஒரு மில்லிசெகண்ட் அளவில் சரிவாக ஏறும். ஸ்விட்ச்சை ஆன் செய்யும்போது காலி கெப்பாசிட்டர் உறிஞ்சும் வேகம் அதிலேயே மட்டுப்பட்டுவிடுகிறது.

மின்னோட்டத்தை அளக்கும் விதம் அழகானது. வரிசையாக ஒரு மின்தடையைப் போட்டு அளந்தால் அதிலும் இழப்பு. அதனால் மாஸ்ஃபெட்டின் ஆயிரக்கணக்கான சிறு செல்களில் சிலவற்றை மட்டும் தனியே பிரித்துவிடுவார்கள். கேட் எல்லாவற்றுக்கும் ஒன்று, சிலிக்கான் ஒன்று, சூடும் ஒன்று. எனவே அந்தச் சில செல்களில் ஓடும் மின்னோட்டம் மொத்தத்தில் ஒரு மாறாத பங்காக இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்தால் ஒரு மில்லிஆம்பியர் என்பது ஒரு ஆம்பியர். அந்த அளவு எல்லையைத் தொட்டதும் ஒரு பெருக்கி கேட்டின் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கும். மாஸ்ஃபெட் அறுபடாது, அரைகுறையாகத் திறந்த நிலைக்கு வந்து, 0.07 ஓமாக இருந்தது பல ஓமாக மாறி, மின்னோட்டத்தை எல்லையிலேயே பிடித்து நிறுத்தும்.

இதை அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எல்லை தாண்டினால் ஸ்விட்ச் அணைந்துவிடும் என்பது பாதி உண்மைகூட இல்லை. முதலில் அது பிடித்துக்கொள்கிறது. அணைவது, அணையுமானால், பிறகு, வேறு காரணத்தால்.

ஷார்ட்டின் முதல் இரண்டு மைக்ரோசெகண்டில் பிடித்துக்கொள்ளவும் நேரமில்லை. கருவியோடு ஒரு மீட்டர் கேபிள் இருக்கிறது, அதன் மறுமுனையில் ஷார்ட் என்று வைப்போம். கேபிளின் தூண்டல் (மின்னோட்டம் திடீரென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) சுமார் 1 மைக்ரோஹென்றி, வழியெங்கும் சேர்ந்த மின்தடை அரை ஓம். விட்டால் மின்னோட்டம் 10 ஆம்பியர் வரை ஏறும். இரண்டு மைக்ரோசெகண்டில் 6 ஆம்பியரைத் தாண்டியிருக்கும். 1 ஆம்பியர் எல்லை என்று டேட்டாஷீட் சொல்லும் சிப்பின் வழியாக 6 ஆம்பியர். பெருக்கி நிதானமாகக் கேட்டைச் சரிசெய்யும்வரை காத்திருந்தால் ஆபத்து. அதனால் தனியாக ஒரு விரைவு ஒப்பீட்டுச் சுற்று மாஸ்ஃபெட்டை முற்றிலும் மூடிவிடும், பிறகு பெருக்கி மெதுவாகத் திறந்து எல்லையில் கொண்டுவந்து நிறுத்தும். அதே நிறுவனத்தின் டிபிஎஸ்2553 போன்ற ஸ்விட்ச்சுகளில் இந்த விரைவு எதிர்வினை வழக்கமாக 2 மைக்ரோசெகண்ட்.

அப்போது வேறொரு வம்பு வரும். 6 ஆம்பியரைத் திடீரென்று நிறுத்தினால் கேபிளின் தூண்டல் அதை ஒத்துக்கொள்ளாது. வெளியேறும் பக்கத்தின் மின்னழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே குத்தும். ஷார்ட் போர்டிலேயே நடந்திருந்தால் உள்ளே வரும் பக்கத்தின் மின்னழுத்தம் மேலே துள்ளும். 5.5 வோல்ட்டுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று சொல்லப்பட்ட சிப் 8, 9 வோல்ட்டைப் பார்த்துச் சாவது இப்படித்தான். கெப்பாசிட்டரை ஸ்விட்ச்சின் காலுக்கு அருகிலேயே வையுங்கள் என்று டேட்டாஷீட்டின் கடைசிப் பக்கங்களில் கெஞ்சுவது இதற்காக. ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வைத்துவிட்டு, பாதுகாப்புச் சிப்பே பாதுகாப்பில்லாமல் போனதாகக் குறைப்படும் போர்டுகளுக்குக் குறைவில்லை.

சூடு

எல்லையில் பிடித்து நிறுத்துவதற்கு ஒரு விலை உண்டு. சாதாரணமாக அரை ஆம்பியர் போகும்போது 0.07 ஓமில் எரியும் சக்தி 17.5 மில்லிவாட். தொட்டால் தெரியாது. ஷார்ட் ஆனபோது 5 வோல்ட் முழுவதும் மாஸ்ஃபெட்டின் மேல். எல்லை 1 ஆம்பியர். ஆக 5 வாட். ஏறத்தாழ 300 மடங்கு. மிளகு அளவுப் பெட்டிக்குள் ஒரு வாட்டுக்குச் சுமார் 180 டிகிரி ஏறும் என்பது இந்த அளவுச் சிப்புகளின் கணக்கு. 5 வாட்டுக்கு 900 டிகிரி. அவ்வளவுக்குப் போக விடுவதில்லை: எல்லையில் பிடித்துக்கொண்டிருக்கும்போது சிலிக்கான் 135 டிகிரி அளவைத் தொட்டதும் வெப்பக் காவல் மாஸ்ஃபெட்டை மூடுகிறது. 10, 20 டிகிரி ஆறியதும் மறுபடி திறக்கும். ஷார்ட் இன்னும் இருந்தால் மறுபடி சூடாகும், மூடும். ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் மின்னோட்டம் ரம்பப் பல்லாக, மில்லிசெகண்ட் கணக்கில் வந்து வந்து போவது தெரியும். மணிக்கணக்கில் இப்படியே இருந்தாலும் தாங்கும்படிதான் இவற்றைச் செய்கிறார்கள்.

இந்த ரம்பத்தின் ஒவ்வொரு பல்லிலும் மின்வழங்கியிடமிருந்து முழு 1 ஆம்பியர் போகிறது என்பதை மறந்துவிடுகிறோம். பாதுகாத்தாயிற்று என்பதால் அந்தச் சுமை இல்லாமல் போய்விடவில்லை. நான்கு போர்ட்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச் வைத்த ஒரு ஹப்பில், மூன்று போர்ட்டும் அரை ஆம்பியர் இழுக்க, நான்காவது ஷார்ட் ஆனால் மொத்தம் எவ்வளவு? டிபிஎஸ்2051பி-யின் எல்லை 0.75-லிருந்து 1.25 ஆம்பியர் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மோசமானதை எடுத்தால் 1.5-உடன் 1.25 சேர்ந்து 2.75 ஆம்பியர். அடாப்டர் 2 ஆம்பியர் என்றால் ஸ்விட்ச் ஒழுங்காக வேலை செய்தும் ஹப் சாயும். ஸ்விட்ச் வாங்கிய செலவு வீண். 3 ஆம்பியர் அடாப்டரோடு வைத்தால்தான் அந்த நான்கு சிப்புக்கும் பொருளுண்டு.

பி பிளஸில் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்ச். அங்கே ஒரு போர்ட் ஷார்ட் ஆனால் மற்ற மூன்றும் கூடவே போகும், செயலி பிழைக்கும். செலவைப் பார்த்தால் நியாயமான சமரசம் என்றே எனக்குப் படுகிறது. கடைசிவரை யாரைக் காப்பாற்ற வேண்டும் என்பதை முடிவுசெய்துவிட்டு அங்கே கோடு கிழித்திருக்கிறார்கள். 2023-ல் வந்த பை 5 அதே கோட்டை இன்னும் வேறு மாதிரி பயன்படுத்துகிறது: 5 ஆம்பியர் தரும் அடாப்டர் இருந்தால் யுஎஸ்பி-க்கு மொத்தம் 1.6 ஆம்பியர், 3 ஆம்பியர் அடாப்டர் என்றால் 600 மில்லிஆம்பியர்தான். எதுவும் பழுதாகாதபோதும் பங்கீடு செய்யும் வேலையை அந்தக் கோடு பார்க்கிறது.

சொல்லிவிட வேண்டியதும் பொறுத்திருக்க வேண்டியதும்

ஸ்விட்ச்சில் இன்னொரு கால் இருக்கும். எல்லையில் பிடித்திருக்கிறேன், அல்லது சூட்டால் மூடிவிட்டேன் என்று செயலிக்குச் சொல்லும் கால். விண்டோஸில் யுஎஸ்பி போர்ட்டில் பவர் சர்ஜ் என்று எச்சரிக்கை வருவதும், லினக்ஸின் பதிவுகளில் ஓவர் கரண்ட் என்று வரி விழுவதும் இந்தக் காலின் வழியாகத்தான். அந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் ஈபி லைன் மேல் சந்தேகப்பட்டு ஸ்டெபிலைசர் விலை விசாரிப்பவர்கள் உண்டு. போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், வளைந்துபோன ஒரு முள் அநேகமாகக் கண்ணில் படும்.

இந்தக் கால் அவசரப்படக் கூடாது. 120 மைக்ரோஃபாரட் காலி கெப்பாசிட்டரை 1 ஆம்பியரில் 5 வோல்ட்டுக்கு நிரப்ப 0.6 மில்லிசெகண்ட் ஆகும். அதுவரை ஸ்விட்ச் எல்லையில்தான் இருக்கும், ஆனால் அது பழுதல்ல. 1000 மைக்ரோஃபாரட் என்றால் 5 மில்லிசெகண்ட். அதனால்தான் டிபிஎஸ்2051பி 10 மில்லிசெகண்ட் பொறுத்துவிட்டே செயலியிடம் சொல்கிறது. ஆக 2000 மைக்ரோஃபாரட் வரை உள்ள கருவியைச் செருகினாலும் பொய்ப் புகார் வராது. கார்களில் இந்தப் பொறுமை இன்னும் பெரிய அளவில் தேவைப்படும். 55 வாட் ஹெட்லைட் பல்பு ஓடும்போது 5 ஆம்பியருக்குக் கீழேதான் இழுக்கும், ஆனால் குளிர்ந்த இழை முதல் கணத்தில் அதைப் போலப் பத்து மடங்கு வரை கேட்கும்.

எதிர்த்திசையில் பாய்வதையும் பார்க்க வேண்டும். எந்த மாஸ்ஃபெட்டிலும் ஒரு டையோடு கூடவே பிறக்கிறது. அணைத்தாலும் வெளியே இருந்து உள்ளே மின்னோட்டம் வர அது வழிவிடும். தனி அடாப்டர் உள்ள ஒரு ஹப்பை அணைந்த கம்ப்யூட்டரில் செருகினால், ஹப்பின் 5 வோல்ட் போர்ட் வழியே பின்னால் ஏறி, பவர் கொடுக்காமலே கம்ப்யூட்டரில் எல்இடி மின்னுவது அதனால்தான். ஒழுங்கான ஸ்விட்ச்சுகளில் அந்த டையோடின் வழியை அடைத்திருப்பார்கள். டிபிஎஸ்2553 ஆனாக இருக்கும்போதும் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட 135 மில்லிவோல்ட் உயர்ந்து சில மில்லிசெகண்ட் நின்றால் மூடிக்கொள்ளும்.

இவ்வளவு இருந்தும் இந்த ஸ்விட்ச்சுக்குப் புலப்படாத பழுது ஒன்று உண்டு. ஈரம் பட்ட டைப்-சி முனையில் கால்களுக்கு நடுவே உப்புப் படிந்து 0.4 ஆம்பியர் கசிகிறது. 5 வோல்ட்டில் அது 2 வாட். விரல்நுனி அளவு பிளாஸ்டிக்கை உருக்க அது போதும். ஸ்விட்ச்சுக்கோ அது நல்ல பிள்ளையாக 0.4 ஆம்பியர் இழுக்கும் ஒரு கருவி. எல்லைக்குக் கீழே நடக்கும் எதுவும் அதன் கண்ணில் படாது. எல்லையை இறக்கி வைக்கலாமே என்றால் ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது நின்றுவிடும்.

இன்னொரு சங்கடம், உள்ளே டிசி-டிசி கன்வர்ட்டர் (ஒரு மின்னழுத்தத்தை வேறொன்றாக மாற்றும் சுற்று) வைத்த கருவிகள். மின்னழுத்தம் குறைந்தால் அவை குறைவாக இழுக்காது. அதே வாட்டை எடுக்க இன்னும் அதிகமாக இழுக்கும். எல்லையைத் தொட்டதும் 5 வோல்ட் சற்றுத் தாழும், கருவி அதிகம் கேட்கும், ஸ்விட்ச் இன்னும் தாழ்த்தும், கடைசியில் கருவி அணையும். அணைந்ததும் மின்னழுத்தம் எழும், கருவி மறுபடி ஓடத் தொடங்கும். விக்கல் போல இது நிற்காமல் நடக்கும். கேபிளை மாற்றியும் நிற்காத இத்தகைய விக்கலுக்கு, எல்லையின் துல்லியமின்மையும் காரணமாக இருக்கலாம்.

விட்டுவிட்டு முயல்வதா, ஒரேயடியாக மூடுவதா

பழுது தொடர்ந்தால் என்ன செய்வது என்பதில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஆறியதும் தானே மறுபடி முயலும். மற்றது, ஒரு முறை மூடினால் செயலி அணைத்து ஆன் செய்யும்வரை திறக்காது. டிபிஎஸ்2553-க்கே இரண்டு வடிவமும் கிடைக்கும். கம்ப்யூட்டர் போர்ட்டுக்கு முதலாவது போதும். தவறான கேபிளைப் பிடுங்கினால் எல்லாம் தானே சரியாகும். ஆள் பார்க்காத இடத்தில், சிப் ஒன்று விட்டுவிட்டு 135 டிகிரிக்குச் சூடாவதை நான் விரும்ப மாட்டேன். அங்கே மூடிவிட்டுப் புகார் செய்யும் வடிவமே தேவலை.

இந்தத் தேர்வு உயிர்ப் பிரச்சினையாக இருக்கும் இடம் செயற்கைக்கோள். அங்கே ஃபியூஸ் போனால் மாற்ற ஆளில்லை. ஐரோப்பியச் செயற்கைக்கோள்களில் ஒவ்வொரு கருவிக்கும் மின்சாரம் கொடுக்கும் வழியில் லாச்சிங் கரண்ட் லிமிட்டர், சுருக்கமாக எல்சிஎல், ஒன்று நிற்கும். அது மின்னோட்டத்தை எல்லையில் பிடித்துவைத்து, 10 அல்லது 20 மில்லிசெகண்ட் அளவில் பார்க்கும். அதற்குள் அடங்கினால் கெப்பாசிட்டர் நிரம்பிய கதை. அடங்காவிட்டால் மூடிப் பூட்டிக்கொள்ளும். தரையிலிருந்து கட்டளை வந்தால்தான் திறக்கும். 28 வோல்ட் தடத்தில் 1.4 ஆம்பியர் எல்லை என்றால் அந்தப் பத்து மில்லிசெகண்டில் மாஸ்ஃபெட் விழுங்க வேண்டியது 39 வாட், அதாவது 0.39 ஜூல். சூட்டால் மூடும் வரை விட்டுப் பிடிக்கும் யுஎஸ்பி முறை இங்கே செல்லாது. காற்றே இல்லாத இடத்தில் சூடு ஆறும் வேகத்தை நம்ப முடியாது. நேரக் கணக்கு வைத்து மூடுகிறார்கள்.

விண்வெளியில் இந்த ஸ்விட்ச்சுக்குப் பூமியில் இல்லாத ஒரு வேலையும் உண்டு. கனத்த அயனி ஒன்று சீமாஸ் சிப்புக்குள் (இன்றைய பெரும்பாலான சிப்புகளின் ரகம்) பாய்ந்தால், உள்ளே ஒளிந்திருக்கும் தைரிஸ்டர் (ஒரு முறை திறந்தால் தானே மூடாத ஸ்விட்ச்) போன்ற அமைப்பு விழித்துக்கொண்டு, 3.3 வோல்ட்டிலிருந்து தரைக்கு ஒரு குறுக்குவழி திறந்துவிடும். மின்சாரத்தை நிறுத்தினால் ஒழிய அது மூடாது. எல்லையில் பிடித்து, உடனே அணைத்து, மறுபடி கொடுத்தால் சிப் ஒன்றும் நடக்காதது போல ஓடும். சில செகண்ட் தாமதித்தால் உள்ளே உலோகத் தடமே உருகிவிடலாம். கல்லூரிகள் செய்யும் கியூப்சாட் எனப்படும் குட்டிச் செயற்கைக்கோள்கள் சிலவற்றிலும் சிப்புகளுக்கு முன்னால் மலிவான யுஎஸ்பி ரக ஸ்விட்ச் ஒன்றை வைப்பது இதற்காகவே. செயற்கைக்கோளின் முழு ஆயுளும் அந்தச் சில ரூபாய்ச் சிப்பை நம்பி இருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் கட்டளை வரும்வரை பூட்டிவைத்துவிட முடியாது. கட்டளையை வாங்கும் ரிசீவருக்கே மின்சாரம் பூட்டிவிட்டால் திறக்கச் சொல்லும் கட்டளை யார் காதில் விழும்? அதனால் ரிசீவர், கட்டளை பிரிக்கும் சுற்று போன்ற சிலவற்றுக்கு மட்டும் மீண்டும் மீண்டும் தானே முயலும் எல்சிஎல் வைக்கிறார்கள். ரிசீவர் உண்மையிலேயே ஷார்ட் ஆகியிருந்தாலும் அது விடாமல் முயன்றுகொண்டேதான் இருக்கும், ஒவ்வொரு முயற்சியிலும் தடத்திலிருந்து கொஞ்சம் சக்தி வீணாகும். அந்த வீணையும் முதலிலேயே கணக்கில் எழுதித்தான் சூரியத் தகட்டின் அளவை முடிவுசெய்கிறார்கள்.